நெடுங்கலத்தின் அடியில் ஒரு வட்டம்

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நீ, உன் முதுகுவலி, உன் மூன்று அடுப்புகள் எல்லாரும் சௌக்கியமா? இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. மோல்டு கம்பெனி என்றால் என்ன என்று அம்மா தினமும் கேட்கிறாள். இரும்பில் அச்சு செய்வோம், அதில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி நிரப்பினால் வாளி, மூடி, சோப்பு டப்பா எல்லாம் வரும் என்று சொன்னேன். "அப்போ நீ இன்ஜினியருக்குப் படிச்சது சோப்பு டப்பா பண்ணவா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, நல்லதா நாலு எடுத்துட்டு வா."

வரைவுப் பிரிவு மாடியில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே அச்சு செய்யும் டூல் ரூம் தெரியும். என் சீட் பிரிண்டருக்குப் பக்கத்தில். தாள் வரும் வரைக்கும் காத்திருப்பவர்கள் எல்லாரும் என் திரையைத்தான் பார்க்கிறார்கள். தப்பாக ஒரு கோடு போட்டால்கூட யாராவது தொண்டையைச் செருமுகிறார்கள். மீட்டிங்கில் மேஜையில் இடம் இருந்தாலும் சுவரோர நாற்காலியில்தான் உட்காருகிறேன். மேலாளர் "உங்க அபிப்பிராயம் என்னம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "சரிதான் சார்" என்று சொல்லிவிடுகிறேன். எது சரி என்று எனக்கே தெரியாது.

பக்கத்து சீட் பெண்ணுக்கு நெடுங்கலம் தெரியவே தெரியாதாம். சின்ன வயதில் அவள் வீட்டில் டிவி இல்லையாம். சாப்பாட்டு நேரத்தில் கதையைச் சொன்னேன். சுரைக்காய் மாதிரி நீளமான விண்வெளிக் கப்பல், அதில் ஏழு பேர், கடைசி வாரம் கப்பல் தீப்பிடிக்கிறது, ஆறு பேர் உயிர்ப்படகில் ஏறுகிறார்கள், படகில் ஆறு இருக்கைதான், படகு போய்விடுகிறது, தொடர் முடிந்தது என்றேன்.

"ஏழாவது ஆள்?"

"அவர் கப்பலோட சமையல்காரர். என்ன ஆனார்னு காட்டவே இல்லை. அதுதான் எங்க அண்ணனோட கேள்வி."

"உங்க அண்ணன் என்ன பண்றார்?"

"மலையில சுரங்கப்பாதை வெட்டறாங்க இல்லையா, அங்கே கேம்ப்ல சமையல்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். பிறகு "சரியாப் போச்சு" என்றாள்.

நெடுங்கலம் ரசிகர் மடலின் இந்த மாத இதழ் வீட்டுக்கு வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். திருகாணி என்ற புனைபெயர்க்காரர் அதில் உன்னை மறுபடியும் கிண்டல் பண்ணியிருக்கிறார். பதில் போடுமுன் தண்ணீர் குடி. முதுகுக்குத் தைலம் போட்டுக்கொள்.

உன் சுண்டு

*

மார்ச் 25

சுண்டு,

முதுகு இருக்குற இடத்துலயே இருக்கு. அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதேன்னா கேட்க மாட்டாங்க, அதனால படியில ஈரத்துணியைக் காயப்போட்டு வை.

மடல் வந்தது. திருகாணி ஐயா எழுதினதை சமையல்கட்டுல சத்தமாப் படிச்சேன். "ஏழாம் ஆள் அவர்கள் பதினோரு வருடமாக ஒரு வட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறார்." தொங்கறேன்தான். பிடி நல்ல பிடி ஆச்சே.

உன் பக்கத்து சீட் பெண்ணுக்கு இதையும் சொல்லு. கடையில வித்தாங்களே, துண்டு துண்டா ஒட்டற பிளாஸ்டிக் நெடுங்கலம் கிட், அதை ஒட்டி முடிச்சு, கப்பலைக் கவிழ்த்தா, அடிவயிற்றுல பின்பக்கமா லேசாக் குழிஞ்ச ஒரு வட்டம் இருக்கும். டிவியில கப்பலோட அடிப்பக்கத்தைக் காட்டவே இல்லை. கிட்லதான் இருக்கு. அளவுக் கணக்குப்படி பெருக்கிப் பார்த்தா அந்த வட்டம் சரியா ஒரு ஆளோட தோள் அகலம். சமையலறைக்கு நேர் கீழே. கதவு இல்லாம வேற என்ன? அவன் அது வழியா இறங்கிட்டான். விண்வெளி உடை சமையலறை அலமாரியில தொங்குறதை மூணாவது வாரமே காட்டிட்டாங்க.

திருகாணி அது எரிபொருள் போடற வாய்ங்கறார். எரிபொருளை சமையலறையில யாராவது ஊத்துவாங்களா? அப்புறம் அடுப்புக்கு நேர் கீழே கதவு எப்படின்னு ஒரு கேள்வி. அடுப்பை நகர்த்தத் தெரியாத சமையல்காரன் உண்டா? இவர் வீட்டுல டீ கூடப் போட்டிருக்க மாட்டார்.

ஒரு சேதி. ஆகஸ்ட்ல ரசிகர்கள் கூட்டம். மடலோட ஆசிரியரம்மா எழுதியிருக்காங்க, "ஏழாம் ஆள் சார் வந்து அந்த வட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்" அப்படின்னு. கரண்டி பிடிச்ச கை மைக் பிடிக்கப் போகுது. அம்மாகிட்ட சொல்லு, ஆனா பக்கத்து வீட்டுல சொல்ல வேண்டாம்னும் சொல்லு.

இங்கே வாரத்துக்கு ஒரு லாரிதான். தபாலும் வெங்காயமும் ஒண்ணா வருது, உன் கடிதமெல்லாம் வெங்காய வாசம். நல்லாச் சாப்பிடு.

அண்ணன்

*

ஏப்ரல் 9

(தபாலில் சேர்க்காதது)

அண்ணா,

இதை எழுதி முடித்ததும் கிழித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று டூல் ரூமில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பழைய மோல்டைக் காட்டினார்கள். மேல்பாதியைத் தூக்கியதும் இரும்புக்குள்ளே நெடுங்கலம் குழிவாகப் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். கிட்டை மறுபடியும் கொண்டுவரப் போகிறார்களாம். பழைய மோல்டு தேய்ந்துவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டும். அடிப்பாதியை வரைவது நான். அறிவிப்பு வரும்வரை வெளியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த வட்டம் கதவு இல்லை அண்ணா.

பிளாஸ்டிக் ஆறினதும் அச்சைக் கவ்விக்கொள்ளும். அதை வெளியே தள்ள உருண்டையான இரும்புக் கம்பிகள் இருக்கும். எஜெக்டர் பின் என்பார்கள். அவை தள்ளின இடத்தில் வட்டமாகத் தடம் விழும். பொதுவாக அது உள்பக்கத்தில் விழும்படி செய்வார்கள், யார் கண்ணிலும் படாது. நெடுங்கலத்தின் உள்பக்கம் முழுக்க கட்டில், அடுப்பு என்று பொடி வேலை இருப்பதால் வெளிப்பக்கத்தில் தள்ளியிருக்கிறார்கள். நாலு கம்பி. மூன்று தடம் இறக்கைக்கும் தாங்கிக்கும் அடியில் மறைந்துவிட்டது. நாலாவது மறையவில்லை. அவ்வளவுதான். அந்த இடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன்.

புது மோல்டில் அந்தத் தடம் இருக்காது. நீ ஆகஸ்டில் மேடையில் பேசுவாய். பிறகு கிட் கடைக்கு வரும். எல்லாரும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள்.

உன்னை 'சார்' என்று கூப்பிடும் ஒரே இடம் அந்த மடல். நீ பத்தாவதோடு நின்றதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. நான் பன்னிரண்டு முடித்தபோது "மேலே படி" என்று ஒரு வரி எழுதினாய், அடுத்த வரியில் நெடுங்கலத்துக்கு ஏன் அத்தனை ஜன்னல் என்று எழுதினாய்.

சொன்னால் என் வேலை. சொல்லாவிட்டால் உன் மரியாதை.

*

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

முதுகு எப்படி? தைலம் போடுகிறாயா? தூக்கம் சரியாக வருகிறதா? மலையில் குளிர் குறைந்ததா? அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். ஈரத்துணி யோசனை பலிக்கவில்லை, துணியை ஒதுக்கிவிட்டு ஏறிவிட்டாள். கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் "இவன் கரண்டியை விட்டுட்டு ராக்கெட் ஓட்டப் போறானா?" என்றாள். பக்கத்து வீட்டில் உடனே சொல்லிவிட்டாள்.

எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஒரு சிறிய சந்தேகம் மட்டும். கிட்டை ஒட்டுவதற்கு முன்னால், இறக்கை வரும் இடத்திலும் தாங்கி வரும் இடத்திலும் மூன்று வட்டம் இருக்குமே. பசை எங்கே தடவுவது என்று காட்டும் அடையாளம் என்று நீ முன்பு எழுதியிருக்கிறாய். அந்த மூன்றும் நம் கதவும் ஒரே அளவுதானே? ஒரே ஆழம்தானே? பசை அடையாளத்துக்கும் கதவுக்கும் ஏன் ஒரே அளவு? சும்மா தோன்றியது. கூட்டத்தில் யாராவது கேட்டால் நீ தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

வேலை நன்றாகப் போகிறது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சுண்டு

*

மே 3

சுண்டு,

சுகம். இந்த வாரம் முதுகுகூட வலிக்கலை. காரணம் நீதான்.

உன் கேள்வியைப் படிச்சுட்டு உருளைக்கிழங்கு சீவறதை நிறுத்திட்டேன். பதினோரு வருஷத்துல யாருக்கும் தோணாத கேள்வி. நாலும் ஒரே அளவு, ஒரே ஆழம். சரி. அப்படின்னா மூணு மட்டும் பசை அடையாளம், ஒண்ணு மட்டும் கதவுன்னு நான் சொன்னது தப்பு.

நாலுமே கதவு.

கப்பல் கட்டறவன் ஒரே அளவு மூடியைத்தான் எல்லா இடத்துக்கும் போடுவான். எங்க கேம்ப்ல எல்லா சிலிண்டருக்கும் ஒரே வாஷர்தான். முதல்ல நாலு அவசரக் கதவோட கப்பலை வரைஞ்சிருக்காங்க. அப்புறம் இறக்கையைப் பெரிசாக்கினப்போ மூணு அடைபட்டுப் போச்சு. சமையலறைக் கதவு மட்டும் தப்பிச்சது. யாரும் அதைப் பத்திக் கவலைப்படலை, அதனால தப்பிச்சது. இதை அப்படியே கூட்டத்துல சொல்லப் போறேன். "இது என் தங்கச்சி கேட்ட கேள்வி"ன்னும் சொல்லுவேன். இன்ஜினியர்னும் சொல்லுவேன். திருகாணி வாயை மூடிடுவார்.

பேச்சை எழுத ஆரம்பிச்சுட்டேன். உதவி சமையல்காரர் என்னைவிட மூத்தவர், அவரை உட்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, கப்பல்ல கழிப்பறை எங்கே?"ன்னார். நெடுங்கலத்துல கழிப்பறை இல்லை, சுண்டு. இத்தனை வருஷமா யாரும் கவனிக்கலை. அடுத்த இதழுக்கு எழுதணும்.

கூட்டத்துக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருக்கேன். நீலம். வேலை நல்லாப் போகுதுன்னு ஒரே வரியில முடிச்சுட்டே. யாராவது திட்டினாங்களா? எழுது.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணா,

முதுகு வலிக்கவில்லை என்று படித்ததும் அம்மாவுக்கு நிம்மதி. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டும் அளவுக்கு நான் பேசினால்தானே.

இந்தத் தடவை கேள்வி இல்லை. ஒரு வேலை சொல்கிறேன், செய்வாயா? குளிக்கிற மக், சோப்பு டப்பா, உப்பு டப்பா மூடி, ரேடியோவின் பேட்டரி மூடி என்று கையில் கிடைக்கிற பிளாஸ்டிக் சாமானை எல்லாம் எடுத்துக்கொள். வெளியில் வெயிலுக்குப் போ. கவிழ்த்தும் மல்லாத்தியும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார். உள்பக்கத்தை முக்கியமாகப் பார். ஏன் என்று என்னைக் கேட்காதே.

மக் விஷயத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிற மக்தான்.

பக்கத்து சீட் பெண் ஊருக்குப் போயிருக்கிறாள். பிரிண்டர் இரண்டு நாளாகத் தாளைத் தின்கிறது. அம்மா புது மூக்குக்கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு "இவ்வளவு கறுப்பாவா இருக்கே?" என்றாள். நீலச் சட்டை உனக்கு நன்றாக இருக்கும்.

சுண்டு

*

ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மழையில் பாதை அடைத்துக்கொண்டதா? லாரி நின்றுவிட்டதா? இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு இன்னும் ஒரு வாரம். உடம்புக்கு ஏதாவது என்றால் கேம்ப் அலுவலகத்திலிருந்தாவது தெரிவிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்கிறேன். அவள் என்னிடம் அதையே திருப்பிச் சொல்கிறாள்.

நான் எழுதியது ஏதாவது உனக்கு வருத்தமாக இருந்தால் அதையாவது எழுது. ஒரு வரி போதும். கழிப்பறை பற்றி எழுதினால்கூடப் போதும்.

சுண்டு

*

ஜூலை 5

சுண்டு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அம்மாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லு. பாதையும் அடைக்கலை, லாரியும் ஒழுங்காத்தான் வந்தது.

நீ சொன்ன மாதிரி பார்த்தேன். மக்கோட அடியில மூணு. சோப்பு டப்பாவுக்குள்ளே நாலு. உப்பு மூடியில நடுவுல ஒண்ணு. அதுக்கப்புறம் நிறுத்த முடியலை. வடிகட்டி, ஸ்விட்ச் பெட்டி, தலையில போடற ஹெல்மெட், காய் கொண்டுவர்ற கூடை, எல்லாத்தையும் வாசல்ல பரப்பிட்டேன். உதவி சமையல்காரர் வந்து பார்த்துட்டு, "தம்பி, வீட்டுக்கு ஒரு தந்தி அடிக்கட்டுமா?"ன்னார். கேம்ப் மெக்கானிக் டீ குடிச்சுட்டே சொன்னார், "அச்சுல இருந்து தள்ளின தடம் அது. ஏன், அதுல என்ன?" ஒண்ணும் இல்லைங்கன்னு சொன்னேன்.

தினமும் தலையில ஊத்திக்கிற மக். கிட்டை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தவன் மக்கைப் பார்க்கலை.

ஒரு நாள் கோபமா இருந்தது. யார் மேலேன்னு தெரியலை, ரொட்டி மாவு மேலே காட்டினேன். அன்னைக்கு ரொட்டி நல்லா வந்தது. அப்புறம் எழுத உட்கார்ந்தா வார்த்தை வரலை. அதான் தாமதம்.

உனக்கு இது எப்படித் தெரியும்னு நான் கேட்கலை. நீயும் சொல்லாதே. கேட்டா நீ பொய் சொல்லணும், உனக்கு அது வராது, மூக்கு சிவந்துடும்.

கூட்டத்துக்குப் போகாம இருந்துடலாமான்னு யோசிச்சேன். சட்டை தைச்சு வந்துடுச்சு. போறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில நிக்குது. கதவு இல்லேன்னா அந்த ஆள் எப்படி வெளியே வந்தான்?

அண்ணன்

*

ஆகஸ்ட் 19

சுண்டு,

போயிட்டு வந்துட்டேன். நீயும் அம்மாவும் சுகம்னு நினைச்சுக்கிட்டு எழுதறேன்.

ஒரு நூலக மாடி. ஐம்பது பேர் இருப்பாங்க. கப்பல் கப்பலா மேஜையில வரிசை. ஒருத்தர் நெடுங்கலத்துக்குத் துருப்பிடிச்ச மாதிரி பெயிண்ட் அடிச்சிருந்தார், அவ்வளவு அழகான துருவை நான் பார்த்ததில்லை. காத்தே இல்லாத இடத்துல துரு எப்படிப் பிடிக்கும்னு வாசல்லயே ஒரு சண்டை நடந்துகிட்டு இருந்தது.

ஒரு அம்மா எங்கிட்ட வந்து, "நீங்கதான் ஏழாம் ஆளா?"ன்னாங்க. ஆமாங்க. "நான் திருகாணி." பல் டாக்டராம். "பதினோரு வருஷமா என்னை ஐயா ஐயான்னு எழுதிக் கொன்னுட்டீங்க." "நீங்க திருத்தி இருக்கலாமே"ன்னேன். "நீங்க 'ஐயா'ன்னு எழுதும்போது எனக்குக் கோபம் ஏறும். கோபம் ஏறினாத்தான் நல்லா எழுத வரும். அதான் விட்டுட்டேன்"னாங்க.

மைக் கையில கொடுத்தாங்க. எழுதி வச்ச பேச்சு பையிலேயே இருந்தது. "எல்லாரும் எழுந்து, உட்கார்ந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்க"ன்னேன். பிளாஸ்டிக் நாற்காலி. ஐம்பது நாற்காலியும் ஒரே நேரத்துல கவிழ்ந்த சத்தத்துல நூலகர் ஓடி வந்துட்டார். "வட்டம் தெரியுதா? அதுதாங்க. நான் கதவுன்னு சொன்னது கதவு இல்லை. அச்சுத் தடம்."

பின்னாலிருந்து ஒருத்தர், "அப்போ இத்தனை வருஷம் எங்களை ஏமாத்தினீங்களா?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ளே திருகாணி எழுந்துட்டாங்க. "அவர் ஏமாத்தலைங்க, ஏமாந்தார். நானும்தான். எரிபொருள் வாய்னு மூணு பக்கம் எழுதினேன். நீங்க அது என்னன்னு எழுதினீங்க? ஒண்ணும் எழுதலை இல்லே? உட்காருங்க." அவர் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, நின்னுகிட்டே இருந்தார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஆசிரியரம்மா கேட்டாங்க. "குளிக்கும்போது"ன்னு சொன்னேன். பொய் இல்லையே.

எல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. கடைசியில முன் வரிசையில ஒரு சின்னப் பொண்ணு கேட்டா, "அப்போ சமையல்காரர் உள்ளேயே இருந்துட்டாரா?" எனக்கு வேடிக்கையா ஏதாவது சொல்ல வந்திருக்கணும். "தெரியலை"ன்னேன். மைக்ல அது ரொம்பப் பெரிசாக் கேட்டுச்சு. உட்கார்ந்துட்டேன்.

திரும்பி வர்ற லாரியில வெங்காய மூட்டை மேல சாஞ்சுகிட்டு வந்தேன். சட்டை வீணாகலை.

அண்ணன்

*

செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணா,

அம்மா, முழங்கால், நான், மூவரும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திருகாணி வரும் இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "அந்த டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள். கேட்டு எழுது.

போன திங்கட்கிழமை அறிவிப்பு வந்துவிட்டது, இனி சொல்லலாம். நெடுங்கலம் கிட் மறுபடியும் வருகிறது. எங்கள் கம்பெனியில்தான். அடிப்பாதியை நான் வரைகிறேன். ஏப்ரலிலிருந்து தெரியும். சொல்ல முடியாமல் இருந்தேன் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு மீட்டிங் நடந்தது. கிட் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். பழைய கப்பலைக் கவிழ்த்து வட்டத்தைக் காட்டி, "இதைக் கதவுன்னு ரசிகர்கள் நினைக்கிறாங்களாம். எடுக்க வேண்டாம். கைப்பிடி வச்சு நிஜக் கதவாவே பண்ணிடுங்க. நல்லா விக்கும்" என்றார். மேலாளர் நல்ல யோசனை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நீ பதினோரு வருடம் சொன்னது நிஜமாகிவிடும் அண்ணா. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அது எனக்கு நன்றாக வரும்.

"வேண்டாம் சார்" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன், எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அதுக்கு நேர் மேலே அடுப்பு இருக்கு சார். தீப்பிடிச்ச நேரத்துல யார் அடுப்பை நகர்த்துவாங்க?" உன்னை விட்டுவிட்டுத் திருகாணி பக்கம் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

"அப்போ அந்த சமையல்காரர் எந்த வழியா வருவாரு?" என்று கிட் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் வர்ற வழியா சார். படகுல ஏழாவது சீட் போட இடம் இருக்கு."

"தொடர்ல ஆறு சீட்தானேம்மா?"

"ஆறு பேர் ஏறினதைத்தான் காட்டினாங்க சார். ஆறு சீட்னு யாரும் சொல்லலை. படகோட உள்பக்கத்தைக் காட்டவே இல்லை. ஆறு சீட் வச்சது நம்ம பழைய கிட்தான்."

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. வட்டத்தை நம்பின மாதிரியே அந்த ஆறையும் நம்பியிருக்கிறோம். இரண்டும் கிட்டிலிருந்து வந்ததுதான். ஆறாவது ஆள் ஏறுகிறார், காட்சி மாறுகிறது, அடுத்து படகு தூரத்தில் போகிறது. நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அவர் அங்கேயே தொடரை எடுத்தவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. சம்மதமாம். அவர்களும் எண்ணிப் பார்த்ததில்லையாம்.

மீட்டிங் முடிந்ததும் மேலாளர் கேட்டார், "ஏம்மா, இத்தனை மாசமா பேசாத ஆள், ஒரு சீட்டுக்காக எதுக்கு இவ்வளவு வாதாடினீங்க?" 

"இடம் இருந்தது சார்" என்றேன்.

படகையும் என்னையே வரையச் சொல்லிவிட்டார்கள், அந்த வரைபடத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இப்போது வெளியில் காட்டலாம் என்று அனுமதி வாங்கிவிட்டேன். ஏழாவது இருக்கையை நடுவில், கேப்டனுக்கும் டாக்டருக்கும் இடையில் போட்டிருக்கிறேன். அதுதான் நல்ல இடம் என்று நினைத்தேன். அடுத்த மாத நடுவில் வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் பார்த்துச் சொல்.

மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளியை வெயிலில் போட்டு எடு.

உன் சுண்டு

*

அக்டோபர் 4

சுண்டு,

நான் சுகம். கம்பளியை வெயில்ல போட்டேன். டாக்டரம்மாவுக்குக் கல்யாணமாகி, பையன் காலேஜ் போறானாம், அம்மாகிட்ட சொல்லு. திருகாணி எனக்குத் தனியா ஒரு கடிதம் போட்டிருக்காங்க. கழிப்பறை விஷயத்துல என் பக்கம்தானாம்.

உன் கடிதத்தை லாரிகிட்டயே நின்னு படிச்சேன். அப்புறம் உள்ளே போய் ஒரு தடவை. உதவி சமையல்காரர் "என்ன தம்பி, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"ன்னார். நல்லா இருக்காங்கன்னேன். வெங்காயம் உரிக்கிற நேரம்தான், அதனால வேற ஒண்ணும் கேட்கலை.

ஏப்ரல்லேயே உனக்குத் தெரியும்னா, என்னைவிட நீதான் ரொம்ப நாள் தனியாக் கஷ்டப்பட்டிருக்கே. அதைப் பத்தி எழுத எனக்கு வரலை. நேர்ல பேசலாம். இந்தச் சுரங்கம் டிசம்பர்ல முடியுது. அடுத்ததுக்கு வர்றேன்னு பேர் கொடுக்கச் சொன்னாங்க. இன்னும் கொடுக்கலை.

வரைபடம் பார்த்தேன். கோடு ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா சீட் தப்பான இடத்துல இருக்கு.

நடுவுல போட்டா, அவன் எல்லாரோட காலையும் மிதிச்சுக்கிட்டுப் போகணும். கேப்டன் முகம் சுளிப்பார். கதவோரமாப் போடு. சமையல்காரன் கடைசியாத்தான் வருவான். கப்பல் எரியுதுன்னாலும் அடுப்பை அணைக்காம, கேஸை மூடாம எவனாலும் கிளம்ப முடியாது. கை பழகிப்போச்சு. அதை யாராலும் மாத்த முடியாது.

அப்புறம் இன்னொண்ணு. பழைய கிட்ல படகுக் கதவு மூடினபடி மட்டும்தான் ஒட்ட வரும். வேணுங்கறவங்க திறந்தபடியும் ஒட்டிக்கிற மாதிரி வரைய முடியுமா பாரு. அவன் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அம்மாவைப் பார்த்துக்கோ.

அண்ணன்